பெயர் தெரிந்தால் பாதி வைத்தியம்

அரசு மருத்துவமனைகளில் விபத்துப் பதிவேடு என்று ஒன்று உண்டு. 'ஏ.ஆர். காப்பி' என்றால் இன்றைக்கும் எல்லோருக்கும் புரியும். அடிபட்டு, தீப்பட்டு, விஷம் ஏறி வருகிறவரின் பெயர், வயது, யார் கூட்டி வந்தார், எத்தனை மணிக்கு, எதனால் ஆனது என்று அதில் எழுதுவார்கள். புதுச்சேரி சுகாதாரத் துறையில் நான் எழுத்தராக இருந்தபோது, இந்தப் பதிவேடுகளின் சுருக்கத்தை மாதாந்திர அறிக்கைக்காகத் தட்டச்சு செய்யும் வேலை சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. காரணம் என்ற கலத்தில் நான் அடிக்கடி தட்டிய சொற்கள் 'அன்னோன் பாய்சன்'. அதாவது, பெயர் தெரியாத விஷம்.

அப்போது அது எனக்கு வெறும் கலம் நிரப்பும் வேலை. அந்தக் கலம் நிரம்பாமல் போனால் என்ன ஆகும் என்பது பின்னாளில்தான், அதுவும் பிள்ளைப்பாக்கத்துக்குக் குடிவந்த பிறகுதான் எனக்கு நன்றாகப் புரிந்தது.

பணி ஓய்வுக்குப் பிறகு மகன் குடும்பத்தோடு இங்கே வந்ததை முன்பே எழுதியிருக்கிறேன். ஏரியும் வயலுமாக இருந்த ஊர் என்று இங்குள்ள பெரியவர்கள் சொல்கிறார்கள். இப்போது சுற்றிலும் சிப்காட். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலைக்கு 1996-இல் அடிக்கல் நாட்டி, 1998-இல் முதல் கார் வெளியே வந்தது. அதன்பின் கண்ணாடி, செல்பேசி, லாரி, மோட்டார் சைக்கிள் என்று ஒரகடம் வரைக்கும் ஆலைகள் நிறைந்துவிட்டன. பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இதில் ஒரு சின்ன வேடிக்கையும் உண்டு. பதினான்காம் லூயி மன்னர் காலத்தில், 1665-இல் தொடங்கிய சேன்-கோபேன் கண்ணாடி நிறுவனத்தின் பெயர்ப் பலகையை இந்த ஸ்ரீபெரும்புதூரில் பார்ப்பேன் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆலைகள் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அவற்றால்தான் அடுப்பு எரிகிறது. ஆனால் ஆலை என்றால் ரசாயனம் உண்டு. பெயின்ட் அடிக்க ஒன்று, எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க ஒன்று, துரு நீக்க ஒன்று, குளிரூட்ட ஒன்று, தண்ணீர் சுத்திகரிக்க ஒன்று. அவற்றைக் கையாளும் பிள்ளைகளில் பலருக்கு அவற்றின் பெயர் தெரியாது. 'வெள்ளை கேன்', 'நீல டிரம்', 'அந்த நாத்தம் அடிக்கிறது' என்றுதான் சொல்வார்கள். இது சின்ன விஷயம் இல்லை என்பதைத்தான் இங்கே கொஞ்சம் வரலாறு சொல்லி விளக்கப் போகிறேன்.

விஷ வைத்தியத்தை ஒரு தனிப் படிப்பாக ஆக்கியவர் என்று ஒர்ஃபிலாவைச் சொல்வார்கள். மினோர்க்கா தீவில் பிறந்து பாரிஸில் பேராசிரியராக இருந்தவர். விஷங்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1814-ஐ ஒட்டி வெளிவந்தது. அதுவரை விஷம் என்றாலே பொதுவாக ஏதோ ஒரு முறிவு மருந்து கொடுப்பது வழக்கம். ஒவ்வொரு விஷத்தையும் தனித்தனியாக அடையாளம் காண வேண்டும், அது உடம்பின் எந்த உறுப்பைத் தாக்குகிறது என்று பார்க்க வேண்டும் என்பது அவர் போட்ட பாதை. 1850-களில் கிளோத் பெர்னார் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், கரிப்புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஆளைக் கொல்கிறது என்று காட்டினார். காரணம் தெரிந்ததும் வைத்தியமும் தெரிந்தது: பிராணவாயுவை நிறையக் கொடுத்து அதை வெளியே தள்ளு. இன்றைக்கும் அதுதான் சிகிச்சை. (எங்கள் ஊர்ப் பெருமையையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். இன்றைய ஜிப்மரின் வேர், 1823-இல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளி.)

விஷவாயு சிகிச்சைக்குப் பெரிய பாடம் போர்க்களத்தில் கிடைத்தது. 1915 ஏப்ரல் 22 அன்று, பெல்ஜியத்தின் ஈப்ர் ஊருக்கு அருகில் ஜெர்மானியர்கள் 150 டன்னுக்கு மேல் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். எதிரே பதுங்கு குழிகளில் இருந்தவர்கள் பிரெஞ்சுப் படையினர். அவர்களில் அல்ஜீரிய வீரர்களும் இருந்தார்கள். பச்சை மஞ்சளாக ஒரு மேகம் தரையோடு தரையாக வந்தது. குளோரின் காற்றை விடக் கனமானது, குழிக்குள் இறங்கி நிற்கும். குழியில் படுத்தவன் செத்தான். மேடேறி, ஈரத்துணியை மூக்கில் கட்டியவனுக்குப் பிழைக்க வழி இருந்தது. வாயுவின் பெயர் தெரிந்த பிறகுதான் அதற்கேற்ற முகமூடி வந்தது. வாயு பட்ட வீரர்களுக்கு முறையாகப் பிராணவாயு கொடுக்கும் கருவியை ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து உடலியல் அறிஞர் உருவாக்கினார்.

அந்தக் குளோரின் தாக்குதலை முன்னின்று நடத்தியவர் ஃபிரிட்ஸ் ஹாபர் என்ற வேதியியலாளர். காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அமோனியா செய்யும் வழியைக் கண்டுபிடித்தவரும் அவரே. அந்த அமோனியாவிலிருந்துதான் நம் வயலுக்கு யூரியா வருகிறது. அதற்காக 1918-ஆம் ஆண்டின் நோபல் பரிசும் அவருக்குக் கிடைத்தது. அமோனியாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எண்ணூருக்குப் போகும்போது திரும்ப வரும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1984 டிசம்பர் 2 இரவு, 3 விடியலுக்கு முன், போபால். யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையின் ஒரு தொட்டியில் தண்ணீர் புகுந்து, சூடேறி, சுமார் 40 டன் மெத்தில் ஐசோசயனேட் நகரத்தின் மேல் பரவியது. வெளியே இருக்கும் மக்களை எச்சரிக்க வேண்டிய சங்கு கொஞ்ச நேரம் ஒலித்து அடங்கிவிட்டது. ஜனங்கள் கண் எரிந்து, இருமிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். ஓடினால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் விஷம் இன்னும் உள்ளே போகும். ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகினாலே பாதிப்பு குறைந்திருக்கும். இதைச் சொல்ல அன்றிரவு ஆள் இல்லை.

ஹமீதியா மருத்துவமனையில் ஆயிரக்கணக்கானவர்கள் குவிந்தார்கள். அங்கிருந்த மருத்துவர்கள் கேட்ட முதல் கேள்வி, இது என்ன வாயு என்பதுதான். ஆலைத் தரப்பிலிருந்து அவர்களுக்குக் கிடைத்த பதில், கண்ணில் எரிச்சல் தரும் வாயு, தண்ணீர் விட்டுக் கழுவினால் போதும் என்ற அளவில்தான் இருந்தது. மருத்துவர்கள் கண்ணுக்குச் சொட்டு மருந்தும், நெஞ்சுக்குத் தெரிந்த மருந்தும் கொடுத்துக்கொண்டு அந்த இரவைக் கடத்தினார்கள்.

பிரேதப் பரிசோதனை செய்த தடயவியல் பேராசிரியர் ஹீரேஷ் சந்திரா, இறந்தவர்களின் ரத்தம் செர்ரிப் பழம் போலச் சிவந்திருப்பதைப் பார்த்து, சயனைடு விஷமும் உடம்பில் இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார். சயனைடு என்றால் சோடியம் தயோசல்ஃபேட் என்ற மருந்து உண்டு, விலையும் குறைவு. கொடுக்கலாமா வேண்டாமா என்று வாரக்கணக்கில் சர்ச்சை நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1985 தொடக்கத்தில் சோதித்துப் பார்த்து, கொடுக்கலாம் என்றது. அதன்பிறகும் சர்ச்சை ஓயவில்லை. விஷத்தின் பெயரைச் சொல்வதில் வழக்கும் நஷ்டஈடும் சம்பந்தப்பட்டுவிட்டால், மருந்துச் சீட்டுகூட வழக்குக் கட்டில் ஒரு தாளாகிவிடுகிறது. வாயுக் கசிவால் இறந்தவர்கள் 3,787 பேர் என்று மத்தியப் பிரதேச அரசு கணக்குச் சொன்னது. பாதிக்கப்பட்டவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல். கணக்கில் வராமல் போனவர்கள் நிறைய என்று அந்த ஊர் மக்கள் இன்றும் சொல்கிறார்கள்.

போபாலுக்குப் பிறகு சட்டங்கள் வந்தன. காகிதத்தோடு வாழ்ந்தவன் என்பதால் இந்தப் பகுதியை நான் கொஞ்சம் ருசித்துச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரியாக ஓராண்டு கழித்து, 1985 டிசம்பர் 4 அன்று, டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் என்ற அமில வாயு கசிந்தது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம், அபாயகரமான தொழில் செய்பவர் அதனால் விளையும் கேட்டுக்கு முழுப் பொறுப்பு, சாக்குப்போக்கு எதுவும் கிடையாது என்ற கோட்பாட்டை வகுத்தது. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, அபாயகரமான பொருட்களுக்கென்று ஒரு தனி அத்தியாயமே சேர்த்தார்கள். அதில் 41-பி என்று ஒரு பிரிவு. ஆலையில் என்ன அபாயம் இருக்கிறது, அதற்கு என்ன ஏற்பாடு என்பதைத் தொழிலாளர்களுக்கு மட்டுமின்றி, உள்ளாட்சிக்கும் அக்கம்பக்கத்துப் பொதுமக்களுக்கும் ஆலைக்காரர் தெரிவித்தாக வேண்டும் என்றது அது. அக்கம்பக்கத்துப் பொதுமக்கள் என்றால் யார்? பிள்ளைப்பாக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நானும்தான். 2020-இல் நிறைவேறிய புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்திலும் இந்தக் கடமை இருக்கிறது.

1989-இல் வந்த விதிகள், ஒவ்வொரு அபாயகரமான ரசாயனத்துக்கும் 'சேஃப்டி டேட்டா ஷீட்' என்ற பாதுகாப்புத் தகவல் தாள் இருக்க வேண்டும் என்றன. பொருளின் பெயர், என்ன செய்யும், மேலே பட்டால் என்ன முதலுதவி என்று அதில் இருக்கும். 1996 விதிகள் மத்தியிலிருந்து உள்ளூர் வரைக்கும் ரசாயன விபத்துக்கான நெருக்கடிக் குழுக்களை அமைக்கச் சொல்லின. இன்னொரு தீர்ப்பையும் சொல்ல வேண்டும். விபத்துக் கேஸ் என்றால் போலீஸ் வந்து எழுதிய பிறகுதான் மருத்துவர் தொடுவார் என்ற வழக்கத்தை, 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் முறித்தது. முதலில் உயிர், பிறகு காகிதம். எழுத்தனாகிய நானே இதை ஒப்புக்கொள்கிறேன்.

இத்தனை காகிதமும் எண்ணூரில் எந்த அளவுக்கு உதவியது? 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, கப்பலிலிருந்து உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. ஆலை கோரமண்டல் இன்டர்நேஷனல் நிறுவனத்துடையது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மீனவ மக்கள் தூக்கத்திலிருந்து கண் எரிந்து, மூச்சு முட்டி எழுந்தார்கள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் சாலைக்கு ஓடினார்கள். அந்த மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளமும் எண்ணெய்க் கசிவும் அவர்களை வாட்டியிருந்தன. ஐம்பது பேருக்கு மேல் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

அமோனியாவுக்கு விஷமுறிவு மருந்து என்று தனியாக ஒன்றும் இல்லை. ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே அது காரமாக மாறும். கண், தொண்டை, நுரையீரல் எல்லாம் ஈரம்தான். ஆகவே நல்ல காற்றுக்குக் கொண்டு போ, உடையைக் கழற்று, தண்ணீரால் நிறையக் கழுவு, பிராணவாயு கொடு, தொண்டை வீங்குகிறதா என்று கவனி. வைத்தியம் இவ்வளவுதான். ஆனால் இது அமோனியாதான் என்று தெரிந்தால்தான் இவ்வளவோடு நிறுத்தலாம். அன்றிரவு மக்களை எழுப்பியது எந்தச் சங்கும் அல்ல, அவர்கள் மூக்குதான். அமோனியாவின் நெடி அப்படிப்பட்டது. எல்லா விஷத்துக்கும் அந்த நல்ல குணம் இல்லை.

சாக்கடைத் தொட்டியில் உண்டாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவன் அங்கேயே விழுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். 2022 அக்டோபரில் நம் ஸ்ரீபெரும்புதூர் அருகே ஒரு விடுதியின் கழிவுநீர்த் தொட்டியில் இப்படித்தான் மூன்று பேர் இறந்தார்கள். மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. தொட்டிக்குள் ஒருவர் விழுந்தால், மூச்சுக் கருவி இல்லாமல் பின்னால் இறங்காமல் இருப்பதுதான் முதல் உதவி. கேட்கக் கொடூரமாக இருக்கும், ஆனால் உண்மை. மேலே நின்று கத்துங்கள், தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

பெயரைச் சொல்லத் தாமதித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி சாட்சி. கருணாபுரத்தில் சாராயம் குடித்தவர்கள் வயிற்று வலியும் கண் மங்கலுமாக விழத் தொடங்கியபோது, முதலில் அதிகாரிகள் தரப்பிலிருந்து வந்த பேச்சு, இது கள்ளச்சாராயத்தால் அல்ல என்பது. அதைக் கேட்டுவிட்டு மேலும் குடித்தவர்கள் உண்டு என்று அந்த ஊர்க்காரர்களே சொன்னார்கள். இறந்தவர்கள் 65-க்கும் மேல். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் மரக்காணத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் 20-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதும் இதே மெத்தனால்தான், ஆலைகளில் பயன்படும் பொருள். மெத்தனாலை நம் ஈரல் மெதுவாக ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது, அந்த அமிலம்தான் கண் நரம்பைக் கருக்குகிறது. அந்த மாற்றத்தைத் தடுக்க மருந்து உண்டு, ரத்தத்தைச் சுத்திகரிக்க டயாலிசிஸ் உண்டு. ஆனால் மணிக்கணக்கில் நேரம் போய்விட்டால் கண்ணும் போகும், உயிரும் போகும். பெயரை மறுத்த அந்த நேரம், சிகிச்சைக்கு உரிய நேரம்.

இனி எங்கள் தெருவுக்கு வருகிறேன். எங்கள் மாடியில் செய்யாறு பக்கத்திலிருந்து வந்த மூன்று பெண் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். மூவரும் காண்ட்ராக்டில் வேலை. ஒரு நாள் காலை ஏழு மணி இருக்கும், நைட் ஷிப்ட் முடிந்து வந்த பிள்ளைகளில் ஒருத்தி மாடிப்படியிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். வலது கை விரல்கள் மூன்றில் தாங்க முடியாத வலி. பார்த்தால் தோல் கொஞ்சம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான். கொப்புளம்கூட இல்லை.

"என்னம்மா ஆச்சு?"

"ராத்திரி பார்ட்ஸ் தொடைக்கும்போது க்ளவுஸ் கிழிஞ்சிருந்தது தாத்தா. அப்ப ஒண்ணும் தெரியல. தண்ணில கழுவிட்டேன். விடியக்காலைல இருந்துதான் எலும்புக்குள்ள யாரோ குத்துற மாதிரி இருக்கு."

"எதால தொடைச்சே?"

"வெள்ளை கேன் தாத்தா. பேரு தெரியாது."

ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனோம். அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் கையைப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "என்ன கெமிக்கல்?" சூப்பர்வைசருக்குப் போன் போட்டால் சுவிட்ச் ஆஃப். காண்ட்ராக்டர் ஆபீஸில் எடுத்தவர், "சாதா க்ளீனர்தான், ஒண்ணும் ஆகாது" என்றார். கடைசியில் அந்தப் பெண்ணின் தோழி ஒருத்தி, பகல் ஷிப்டுக்கு உள்ளே போனவள், கேன் வைத்திருக்கும் இடத்துக்கே போய் லேபிளைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகப் போனில் சொன்னாள். "ஹெச், ஒய், டி, ஆர், ஓ, எஃப், எல், யூ..." நான் மருந்துச் சீட்டின் பின்புறம் எழுதிக்கொண்டே வந்தேன். 'எஃப், எல், யூ' வந்ததும் எனக்குப் பள்ளிக்கூட வகுப்பறை ஞாபகம் வந்துவிட்டது. 'ஆசித் ஃப்ளுவோரிதிரிக்.' 1886-இல் பாரிஸில் அன்ரி முவாசான் இந்த அமிலத்திலிருந்துதான் ஃப்ளூரினைப் பிரித்தெடுத்தார், அதற்கு முன் அதே முயற்சியில் இறங்கிய பலர் உடம்பைக் கெடுத்துக்கொண்டார்கள் என்று எங்கள் வாத்தியார் சொல்லியிருந்தார். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். துரு நீக்கும் கரைசல்களில் சிலவற்றில் அது சேர்ந்திருக்கும்.

சீட்டை நீட்டினேன். அந்த மருத்துவரின் முகம் மாறியது. மற்ற அமிலங்கள் பட்ட உடனே சுடும், நாமும் உடனே உதறுவோம். இந்த அமிலம் நீர்த்துப்போய் இருந்தால், தோலை அதிகம் காயப்படுத்தாமலே உள்ளே இறங்கி, பல மணி நேரம் கழித்து வலியைக் காட்டும். உடம்பில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பரவலாகப் பட்டால் ரத்தத்தில் கால்சியம் குறைந்து இதயமே நின்றுபோகலாம். இதற்கு மருந்து கால்சியம் குளுக்கோனேட். அதை ஜெல்லாகத் தயாரித்தும் விற்கிறார்கள், ஆனால் அங்கே இல்லை. அந்த மருத்துவர் தயங்கவில்லை. ஊசி மருந்துக் குப்பியை உடைத்து, பரிசோதனைக்கு வைத்திருக்கும் வழுவழு ஜெல்லில் கலந்து, ஒரு கையுறைக்குள் விட்டு, அதற்குள் அவள் கையை நுழைக்கச் சொன்னார். இன்னொரு பக்கம் ஈ.சி.ஜி. எடுக்க ஏற்பாடு செய்தார். ஒரு மணி நேரம் போல ஆகியிருக்கும். "வலி குறையுது தாத்தா" என்றாள். விரல்கள் பிழைத்தன. மறு வாரம் வேலைக்குப் போய்விட்டாள், போகாமல் முடியுமா?

மருந்து அந்த மருத்துவமனையில் முதலிலிருந்தே இருந்தது. மருத்துவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. இல்லாமல் இருந்தது ஒரு பெயர் மட்டும். சட்டப்படி அந்தக் கேனுக்குப் பக்கத்தில் தொங்க வேண்டிய தாளில் அது இருந்திருக்க வேண்டும், அதுவும் அவள் படிக்கக்கூடிய தமிழில். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்யும் பிள்ளைகளுக்கு அவரவர் மொழியில்.

வெயிலும் இந்தக் கதையில் சேரும். வெயிலுக்கு லேபிள் கிடையாது, ஆனால் அதையும் தப்பான பெயரில் கூப்பிடுகிறோம். தகரக் கூரைக்குக் கீழே, உலைக்குப் பக்கத்தில், கட்டட வேலையில் ஒருவன் தடுமாறி, உளறி விழுந்தால் 'குடிச்சிருக்கான்' என்பார்கள், அல்லது 'பிரஷர்' என்பார்கள். உடம்பு நெருப்பாகச் சுட்டு, 40 டிகிரிக்கு மேல் போய், பேச்சும் புத்தியும் தடுமாறினால் அது வெப்பவாதம், ஹீட் ஸ்ட்ரோக். வியர்வை இருந்தாலும் வெப்பவாதமாக இருக்கலாம். காய்ச்சல் மாத்திரை இதற்குப் பயன்படாது. முதலில் குளிரவைக்க வேண்டும், பிறகுதான் வண்டியில் ஏற்ற வேண்டும். தார்ப்பாயில் படுக்கவைத்து, நாலு பேர் ஓரத்தைத் தூக்கிப் பிடித்து, தண்ணீரும் ஐஸும் கொட்டி ஆட்டினால் அதுவே ஒரு தொட்டி. நினைவு தவறியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இதைப் பணக்கார நாடுகளும் பட்டுத்தான் கற்றன. 2003 ஆகஸ்டில் பிரான்ஸில் அடித்த வெயிலில் சுமார் 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் தனியாக இருந்த முதியவர்கள். அடுத்த ஆண்டே வெப்ப அலைக்கென்று தேசியத் திட்டம் போட்டார்கள். நம் சென்னையில் 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப் படை சாகசம் பார்க்க வந்த கூட்டத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். அதே மாதம் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று ஆணையிட்டது. பேரிடர் என்று பெயர் வைத்ததால்தான் அந்தச் சாவுக்கு ஒரு கணக்குத் தலைப்பு கிடைத்தது. எழுத்தர்களுக்குத் தெரியும், தலைப்பு இல்லாத செலவுக்குப் பணம் வராது.

நம்மிடம் இப்போது நல்ல ஏற்பாடுகளும் இருக்கின்றன. 2008 செப்டம்பர் 15 முதல் 108 ஓடுகிறது. மாநிலத்தின் அவசர சிகிச்சைத் திட்டத்தில் தீக்காயமும் விஷமும் தனித்தனிப் பிரிவுகளாகச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. பிரான்ஸில் 1960-களின் இறுதியில் துலூஸ் நகரில் பேராசிரியர் லூயி லாரெங் 'சாமு' என்ற அவசர சேவையை அமைத்தபோது வைத்த கொள்கை, மருத்துவமனை நோயாளியிடம் போக வேண்டும் என்பது. அங்கே 15 என்ற எண்ணில் மருத்துவரே பேசுவார். நம் 108 வண்டியில் வரும் தம்பியும் மையத்தில் இருக்கும் மருத்துவரிடம் போனில் கேட்டுச் செய்ய முடியும். ஆனால் அந்த மருத்துவரும் முதலில் கேட்கப்போவது அதே கேள்விதான்.

ஆகவே வீட்டில் ஆலைக்குப் போகிற பிள்ளை இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நீ தொடுகிற ஒவ்வொரு கேனின் லேபிளையும் எழுதிக்கொண்டு வா என்று சொல்லுங்கள். போனை உள்ளே விடமாட்டார்கள், ஒரு துண்டுத் தாள் போதும். அதில் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும். மேலே பட்டால் உடையைக் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவ வேண்டும், கண்ணில் பட்டாலும் அப்படியே. களிம்பு, மஞ்சள், பற்பசை எதுவும் தடவ வேண்டாம். வாயு என்றால் காற்றுக்குக் குறுக்கே விலகி நடக்க வேண்டும். குளோரின் என்றால் மேடேற வேண்டும். 108-ஐக் கூப்பிடும்போது இடத்தைச் சொன்ன கையோடு பொருளின் பெயரையும் சொல்ல வேண்டும்.

லேபிளைப் பார்க்கவிடாத இடம் என்றால், சட்டம் தந்த உரிமையைச் சொல்லித் தகவல் தாளைக் கேளுங்கள். கேட்கப் பயமாக இருந்தால் ஊராட்சி மூலமாக எழுத்தில் கேளுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் என்னிடம் வரலாம். முப்பத்தைந்து ஆண்டு அதைத்தானே செய்தேன்.